காது கேட்கும் கருவியையும் உள்ளே விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மாரடைப்பு வந்தவரை எவ்வளவு சீக்கிரம் மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று தாங்கள் வெளியிட்ட கட்டுரை நன்று. 108 ஆம்புலன்ஸ் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்து அனுப்பும் ‘இதயம் காப்போம்’ திட்டமும் 2023-இல் வந்தது. முதல் ஒரு மணி நேரத்தின் அருமை சென்னைவாசிகளுக்கு ஓரளவு தெரிந்துவிட்டது. அதன் பிறகு ஐ.சி.யூ. கதவுக்கு அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றித்தான் யாரும் வாய் திறப்பதில்லை.

என் மைத்துனருக்கு வயது 71. நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றில் பைபாஸ் நடந்தது. அறுவை சிகிச்சையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் இரவு, தான் எழும்பூர் ஸ்டேஷனில் இருப்பதாகவும் வண்டி கிளம்பிவிடும் என்றும் சொல்லி டிரிப்ஸைப் பிடுங்கியிருக்கிறார். கைகளைக் கட்டிவிட்டார்கள். அவருடைய மூக்குக்கண்ணாடியும் காது கேட்கும் கருவியும் அப்போது எங்கள் பையில் இருந்தன. சேர்க்கும்போதே மோதிரம், வாட்ச்சோடு பாலிதீன் கவரில் போட்டு எங்களிடம் கொடுத்திருந்தார்கள். மூச்சை உள்ளே இழுத்து மூன்று பந்துகளை மேலே எழுப்பும் பயிற்சியை அவருக்கு விளக்கினார்களாம். காதில் விழாத மனிதர் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார்! மறுநாள் பணிக்கு வந்த நர்ஸ் ஒருவர்தான் கருவியைக் கேட்டு வாங்கி மாட்டிவிட்டு, “ஐயா, இன்று வியாழக்கிழமை, காலை மணி எட்டு” என்று சொன்னார். அந்தப் பெண் நன்றாக இருக்க வேண்டும்.

இது பைத்தியமல்ல. டெலிரியம் எனப்படும் தற்காலிக மனக்குழப்பம். இதய அறுவைக்குப் பிறகு முதியவர்களிடம் சாதாரணமாகக் காணப்படுவது. வந்துவிட்டால் ஐ.சி.யூ. வாசம் நீள்கிறது, பில்லும் நீள்கிறது. தூக்கமின்மை, ஓயாத விளக்கு, அலாரம் சத்தம் எல்லாம் அதை வளர்க்கின்றன. இரவில் நோயாளியின் அறையில் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நம் ஐ.சி.யூ.க்களில் மானிட்டர்களின் அலறலோடு ஊழியர்களின் செல்போன் ரிங்டோனும் சேர்ந்துகொள்கிறது.

உறவினரைப் பார்க்க விடாததற்குத் தொற்று வரும் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இதய நோயாளிகளுக்கான ஐ.சி.யூ.வில் 226 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. தாராளமாகப் பார்வையாளரை அனுமதித்த காலத்தில் கிருமித் தொற்று கூடவில்லை; இதயம் சார்ந்த சிக்கல்கள் குறைந்தன. பிரேசிலில் 36 ஐ.சி.யூ.க்களில் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில் டெலிரியம் குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆனால் அங்கும் தொற்று கூடவில்லை. குடும்பத்தாரின் பதற்றம் தணிந்தது.

நம்மவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிள் பையுமாகப் படையெடுத்து, கட்டிலருகே நின்று ஒப்பாரி வைப்பவர்கள்தான், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக மாலையில் ஐந்து நிமிடம், அதுவும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து என்பது என்ன நியாயம்? பகலில் ஒரே ஒருவர், கை கழுவிவிட்டு, கூச்சலில்லாமல் உட்கார்ந்திருக்க அனுமதிக்கலாம். கண்ணாடியும் காது கருவியும் நோயாளியோடு உள்ளே போவதற்கு அட்மிஷன் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். கட்டிலிலிருந்து தெரியும்படி ஒரு சுவர்க்கடிகாரம் மாட்ட லட்சங்கள் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை