கடித்த பூனையைச் சாக்கில் கட்டுவதற்கு முன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வளர்த்த பூனை திடீரென்று வீட்டாரைக் கடித்துவிட்டால், அதைச் சாக்கில் கட்டி ஊருக்கு அப்பால் விட்டுவிட்டு வருவதை எங்கள் காவேரிப்பட்டணம் பகுதியில் பலரும் தவறாக நினைப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நானும் அதையே செய்தேன். தலையைத் தடவிய என் மகனின் கையைக் கடித்தது என்பதற்காக, எட்டு வயதுக் கடுவன் பூனை ஒன்றைத் தென்பெண்ணை ஆற்றின் அக்கரையில் விட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு மாதமாகவே அது ஒரு பக்கமாக மென்றதையும், பாதிச் சோற்றைத் தட்டிலேயே விட்டு எழுந்ததையும் வீட்டில் எல்லோரும் பார்த்திருந்தோம். பல்லிலும் ஈறிலும் வலியுள்ள பூனை கன்னத்தருகே கை பட்டால் கடிக்கும் என்று கால்நடை மருத்துவர் ஒருவர் பின்னாளில் சொன்னபோதுதான், நோயுற்ற ஓர் உயிரைத் தெருவில் விட்டது எனக்கு விளங்கியது. இன்றுவரை அது மனத்தை அறுக்கிறது.

அண்மையில், இப்போது நாங்கள் வளர்க்கும் பெண் பூனை என் மனைவியின் கையைக் கடித்தது. அன்று மாலை முன்வாசல் கம்பிக் கதவுக்கு வெளியே வேற்றுப் பூனை ஒன்று வந்து நின்றிருந்தது. எங்கள் பூனை காதுகளைப் பின்னே மடித்து, வாலை அடித்துக்கொண்டு உறுமிய வேளையில், அதைச் சமாதானப்படுத்த மனைவி குனிந்து தூக்கிவிட்டார். எட்ட முடியாத எதிரியின் மேல் எழுந்த சினத்தைக் கைக்கு எட்டியவர் மேல் காட்டுவது பூனைகளின் இயல்பு. அந்தப் பதற்றம் சில மணி நேரமும், சில வேளை மறுநாள் வரையிலும் நீடிக்கும். அந்நிலையில் அடிப்பதும், அதட்டுவதும், தூக்குவதும் அச்சத்தை வளர்க்குமே தவிரக் குறைக்காது. ஆகவே தண்ணீரும் உணவும் மணல் தட்டும் வைத்த இருட்டறையில் அதைத் தனியே விட்டோம். கம்பிக் கதவின் கீழ்ப்பாதியை அட்டையால் மறைத்தோம். மறுநாள் அதுவாகவே வெளியே வந்து காலில் உரசியது.

காரணம் இப்படிக் கண்ணில் படாதபோது மருத்துவரிடம் காட்டுவதே சரி. மூட்டு வலி, உள்ளே சீழ் பிடித்த காயம், வயதான பூனைக்கு வரும் தைராய்டு மிகை (கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் சுரப்பது), கடுவனுக்கு வரும் சிறுநீர் அடைப்பு ஆகிய எல்லாமே சாதுவான பூனையையும் சீறவைக்கும். சிறுநீர் அடைப்பு என்றால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. வலிக்கு என்று நாம் விழுங்கும் பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக் கொடுத்தாலும் பூனை இறந்துபோகக்கூடும்.

சாக்கில் கட்டும் வழக்கத்தை நான் எதிர்ப்பதற்கு இரக்கம் மட்டும் காரணம் அன்று. திடீர் மூர்க்கம் வெறிநோயின் (ரேபிஸ்) அறிகுறியாகவும் இருக்கலாம். கடித்த பூனை 10 நாட்கள் நம் கண்பார்வையில் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் அந்நோய்க் கிருமி இல்லை என்று கொள்ளலாம். பூனையைத் துரத்திவிட்டவருக்கு அதை அறியும் வழியே இல்லை. அதற்கு நோய் இருந்தால் இன்னோர் ஊரில் இன்னொருவரையும் கடிக்கும். அதற்காக 10 நாள் கழியட்டும் என்று தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. சுண்ணாம்பும் மிளகாய்த்தூளும் அப்பாமல், ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என் மனைவிக்கு முதல் நாளும், அதிலிருந்து 3, 7, 28 ஆகிய நாட்களிலும் தோலில் ஊசி போட்டார்கள். இரத்தம் கசிந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி, கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்தினார்கள். பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்குவதால், மேல்தோல் விரைவில் மூடிக்கொண்டு உள்ளே சீழ் பிடிக்கும் என்பதையும் அங்கேதான் அறிந்தோம்.

ஆண்டுதோறும் ஜூலை 6 அன்று, விலங்குவழி நோய்கள் தினத்தை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடக்கின்றன. எங்கள் தெருவில் நாய்களைக் கொண்டுசெல்வோர் உண்டு. பூனையை எடுத்துச் செல்வோரைக் காண்பது அரிது. முகாம் அறிவிப்பில் ‘பூனைகளுக்கும்’ என்ற சொல்லைப் பெரிய எழுத்தில் சேர்க்குமாறு கால்நடைப் பராமரிப்புத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.