தம்பிக்கு அக்கா எழுதுறது: உன் மருமகன் ஆடுற ஃபுட்பால்

அன்புள்ள தம்பிக்கு,

இங்க ஆப்பிள்டன்ல எல்லாரும் நல்லா இருக்கோம், குளிர் ஆரம்பிச்சிடுச்சு, அம்மாவை மாத்திரை விடாம போடச் சொல்லு. உன் மருமகன் அப்படி என்னதான் ஆடுறான்னு போன்ல கேட்டியே, அன்னிக்கு சரியா சொல்ல வரல, அதான் எழுதுறேன். நம்ம ஊர் கால்பந்து இல்லடா, இது அமெரிக்கன் ஃபுட்பால், பந்தைக் கையில வச்சுக்கிட்டு ஓடுவாங்க, எறிவாங்க.

ஸ்கூல் டீம்ல அவன் டிஃபென்சிவ் எண்ட், எதிர் டீமைத் தடுக்கற வரிசையில, கபடியில நீ கார்னர் நிப்பியே அந்த மாதிரி ஓரத்து ஆளு. எதிர் டீம் ரீட் ஆப்ஷன்னு ஒண்ணு ஆடுவாங்க, மத்தவங்களை எல்லாம் மறிச்சிட்டு இவனை மட்டும் வேணும்னே விட்டுடுவாங்க. அவங்க ஆட்டத்தை நடத்துற குவார்ட்டர்பேக், பந்தை வாங்கிட்டு ஓடுற ரன்னிங் பேக் வயித்துல பந்தை வச்சுக்கிட்டே இவனைப் பாப்பான். இவன் உள்ள பாஞ்சா பந்தை உருவிக்கிட்டு இவன் விட்ட இடத்து வழியாவே ஓடிடுவான், பாயாம நின்னா பந்தை அந்தப் பையன்கிட்டயே விட்டுடுவான். இவன் எது பண்ணாலும் தப்பாயிடும்டா.

பெரிய டீமே இதுல மாட்டியிருக்கு. 2013 ஜனவரில நம்ம பக்கத்து ஊர் கிரீன் பே பேக்கர்ஸ் மேல சான் ஃபிரான்சிஸ்கோ குவார்ட்டர்பேக் காலின் கேப்பர்னிக் ஒரே மேட்ச்ல 181 யார்டு ஓடினான், ஊரே அதை இன்னும் மறக்கல. அப்புறம் பேக்கர்ஸ் கோச்சுங்க டெக்சாஸ் ஏ அண்ட் எம் காலேஜுக்கே போய் இதை எப்படி அடக்கறதுன்னு கேட்டுட்டு வந்தாங்க. செப்டம்பர்ல மறுபடி மோதினப்போ அவனை 22 யார்டுக்கு மேல ஓட விடல, ஆனா அவன் பந்தை எறிஞ்சே 412 யார்டு எடுத்து ஜெயிச்சிட்டான்.

உன் மருமகன் போன மாசம் ஒரு மேட்ச்ல ரெண்டு தடவை ஏமாந்தான், கார்ல வாயே திறக்கல, எனக்கு மனசே ஆறல. அதுலேர்ந்து தினம் ராத்திரி கராஜ்ல ப்ராக்டிஸ், அத்தான் குவார்ட்டர்பேக், நான் ரன்னிங் பேக், தலகாணிதான் பந்து. என் வயித்துல அவர் தலகாணியை அழுத்தும்போது இவன் தோளைத் திருப்பாம பக்கவாட்டுலயே சின்னச் சின்ன அடியா நகருவான், அவருக்கு முடிவெடுக்க நேரம் இழுத்துக்கிட்டே போகும். இன்னொண்ணு ஸ்க்ரேப், அதுல இவன் வேணும்னே உள்ள பாயணும், வழி திறந்துடுச்சுன்னு குவார்ட்டர்பேக் வெளிய ஓடுவான், ஆனா இவன் பின்னாடியே சுத்தி வந்த லைன்பேக்கர், அதான் இவன் டீம்லயே ரெண்டாவது வரிசையில நிக்கிறவன், அங்க ரெடியா நிப்பான்.

போன வெள்ளிக்கிழமை அப்படியே நடந்துச்சுடா! இவன் பாஞ்சான், அவங்க குவார்ட்டர்பேக் பந்தை உருவினான், ரெண்டு எட்டு கூட வைக்கல, லைன்பேக்கர் பையன் தூக்கிப் போட்டுட்டான். மைக்ல அந்தப் பையன் பேரைத்தான் சொன்னாங்க, அவன் எழுந்ததும் நேரா ஓடி வந்து இவன் ஹெல்மெட்ல தட்டினான், எனக்கு கண்ணு கலங்கிடுச்சு.

வீடியோ அனுப்பியிருக்கேன். பந்தைத் தேடாத, இடது ஓரத்துல கடைசியா நிக்கிறவனையே பாரு.

அன்புடன்
அக்கா