கதை விவாதத்தில் இருந்தவர்களின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நாவல்கள் படமாவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பலர் கை வைப்பதால்தான் திரைக்கதை இலக்கியத் தகுதியை இழக்கிறது என்கிறார் கட்டுரையாளர். படக்குழுவினர் கூடிப் பேசிக் கதையைச் செதுக்கும் கதை விவாதங்கள் பலவற்றில் உதவி இயக்குநராக உட்கார்ந்த என்னால் இதை ஏற்க முடியவில்லை.

நாவலைப் பதிப்பாசிரியர் திருத்தலாம், ஓவியர் அதற்குப் படம் வரையலாம். கடைசியில் வாசகர் கைக்கு வருவது நாவலாசிரியரின் வாக்கியம்தான். திரைக்கதை அப்படி யார் கைக்கும் போவதில்லை. நடிகர் பேசி, ஒளிப்பதிவாளர் படம்பிடித்து, படத்தொகுப்பாளர் வெட்டியது போக மிஞ்சுவதே திரைக்கு வருகிறது.

ஒரு விவாதம் நினைவிருக்கிறது. காதலித்தவனோடு போன மகள் திரும்பி வந்து வாசலில் நிற்கிறாள். தந்தைக்கு இரண்டு பக்க வசனம். எழுதியவர் தேர்ந்த எழுத்தாளர். அவர் வாசித்தபோது சிலர் கண் கலங்கினார்கள். புதிதாகச் சேர்ந்த உதவி இயக்குநர் ஒருவர் தயங்கியபடி சொன்னார்: “எங்கள் ஊரில் அப்பா இவ்வளவு பேசமாட்டார் சார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவளைத் தாண்டி வெளியே போய்விடுவார்.” எழுத்தாளரே பேனாவை எடுத்து இரண்டு பக்கத்தையும் அடித்தார். படம் பார்த்த எல்லோரும் பாராட்டிப் பேசியது, வசனமில்லாத அந்தக் காட்சியைத்தான். நாவலாக இருந்தால் அந்த வசனம் இருந்திருக்கும், இருக்கவும் வேண்டும்.

என் வருத்தம் வேறு. அந்த இளைஞரின் பெயர் உதவி இயக்குநர்கள் பட்டியலோடு ஓடி மறைந்தது. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்று திரையில் நின்றது ஒரே பெயர். முழுக் கதையைத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்யலாம். விவாதத்தில் வாய்வார்த்தையாகச் சொன்ன யோசனைக்கு என்ன சான்று இருக்கிறது?

மனமிருந்தால் பெயர் போட முடியும். கல்கி தனியாக 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ படமானபோது, திரைக்கதைக்கு மணிரத்னம், ஜெயமோகன், இளங்கோ குமரவேல் என மூவர் பெயர் வந்தது. 2019இல் வெளியான ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்தின் எழுத்துக்கு நால்வர் பெயர். அமெரிக்காவில் பெயர் போடுவதில் தகராறு வந்தால் அங்குள்ள திரை எழுத்தாளர் சங்கமே திரைக்கதை வரைவுகளைப் படித்துத் தீர்ப்புச் சொல்கிறது.

உங்கள் இதழின் திரை விமர்சனங்களிலும் இயக்குநர் பெயரோடு நின்றுவிடாமல், திரைக்கதையில் பங்கெடுத்தவர்கள் யார் என்று விசாரித்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் உதவி இயக்குநர் ஒருவர்,
சாலிகிராமம், சென்னை