சரோஜாவுக்கு, முழங்கால் ஆபரேஷனுக்கு முன்

கும்பகோணம்
6.10.2024

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தீபாவளி கழிந்து இரண்டாவது வாரத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள் என்று படித்ததும் எனக்குப் பெரிய நிம்மதி. நெல்லையப்பர் கோயிலில் பிராகாரம் சுற்ற முடியாமல் கொடிமரத்தோடு திரும்பிவிட்டேன் என்று நீ இரண்டு வருடத்துக்கு முன்பு எழுதியது இன்னும் என் மனதைவிட்டுப் போகவில்லை. மேரி கல்லூரி விடுதியிலிருந்து சாலையைக் கடந்து மணலில் இறங்கி, கலங்கரை விளக்கம் வரை நடந்துவிட்டு, கதவை மூடுவதற்குள் மூச்சிரைக்க ஓடி வருவோமே. உன் வேகத்துக்கு என்னால் ஒரு நாளும் ஈடுகொடுக்க முடிந்ததில்லை.

"அறுத்த பிறகு எழுந்து நடக்க முடியாமல் போய்விட்டால்?" என்று கேட்டிருக்கிறாய். இதே கேள்வியை வைத்துக்கொண்டு நான் எட்டு வருடங்களைக் கடத்தினேன். தைலம், முழங்கால் பட்டை, யாரோ சொன்ன ஊசி என்று ஒன்றையும் விடவில்லை. அதற்குள் வலது கால் வெளிப்புறமாக வில் போல வளைந்துவிட்டது. நடக்காமல் நடக்காமல் தொடைச் சதையும் வற்றிவிட்டது. டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் பிடித்துக் காட்டினார். இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு கோடு அளவு இடைவெளிகூட இல்லை. "மூட்டை நான் மாற்றிவிடலாம், சதையை நீங்கள்தான் வளர்க்க வேண்டும்" என்றார். நீ அந்த அளவுக்குப் போகவில்லை. அதனால் உனக்கு என்னைவிடச் சுலபமாகவே இருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மூட்டு மாற்றுவது என்றால் முழங்காலையே வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று நீயும் நினைத்திருப்பாய். அப்படி இல்லை. தொடை எலும்பின் அடி நுனியிலும் கால் எலும்பின் மேல் நுனியிலும் தேய்ந்த பரப்பை மட்டும் மெல்லியதாகச் சீவிவிட்டு, அதன்மேல் உலோகத் தொப்பி போல ஒன்றைப் பொருத்துகிறார்கள். நடுவில் குருத்தெலும்புக்குப் பதிலாக உறுதியான ஒரு பிளாஸ்டிக் தகடு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். எனக்கு அரைத்தூக்கம்தான். சுத்தியல் தட்டுகிற சத்தம் கேட்டது, வலி இல்லை. உனக்கும் கேட்கலாம், பயந்துவிடாதே. மறுநாள் காலையில் வாக்கரைக் கையில் கொடுத்து நிற்க வைத்துவிட்டார்கள்.

இப்போது உன் கையில் ஐந்து வாரம் இருக்கிறது. இந்த ஐந்து வாரம்தான் முக்கியம். முதலில் சர்க்கரை. எனக்கு மூன்று மாதச் சராசரி எட்டுக்கு மேல் இருந்தது. ஏழரைக்குக் கீழே இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். அப்போது கோபம் வந்தது. சர்க்கரை ஏறியிருந்தால் புண் ஆறுவது தாமதமாகும், கிருமி தொற்றும் என்று பிறகுதான் புரிந்தது. உள்ளே வைத்த மூட்டில் கிருமி குடியேறிவிட்டால் மறுபடியும் திறக்க வேண்டிவரும். அதனால்தான் சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று எல்லாவற்றையும் முன்னாலேயே சரிசெய்யச் சொல்கிறார்கள். உன் பாதத்தையும் பார். பித்தவெடிப்பும் விரலிடுக்கில் சேற்றுப்புண்ணும் உனக்குக் கல்லூரியிலேயே உண்டு. மழைக்காலம் வேறு தொடங்கப்போகிறது. "சின்னப் புண்தானே" என்று மறைக்காமல் டாக்டரிடம் காட்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறாய் அல்லவா, அதை எப்போது நிறுத்த வேண்டும் என்று அவரிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள். நாட்டு மருந்து ஏதாவது எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லிவிடு.

தொடைப் பயிற்சியை இன்றைக்கே ஆரம்பி. கட்டிலில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணும் வரை பிடித்துவிட்டு விடு. காலை பத்து, மாலை பத்து. ஆபரேஷனுக்குப் பிறகும் இதே பயிற்சிதான்.

அடுத்தது வீடு. இதில்தான் நாங்கள் ஏமாந்தோம். மருத்துவமனைக்கு வேண்டியதை எல்லாம் பட்டியல் போட்டு எடுத்துப்போன நாங்கள், வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் வந்து இறங்கினேன். திண்ணைப் படிகளை எப்படியோ ஏறி, நடையைத் தாண்டி, கூடம் வரை வந்துவிட்டேன். குளியலறை வாசலில் வாக்கர் நுழையவில்லை. கதவு இருபத்து மூன்று அங்குலம், வாக்கர் இருபத்து நான்கு. ஒரே ஒரு அங்குலம். ஒரு காலில் பாரத்தை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன். இவர் அளவுநாடாவைக் கையில் வைத்துக்கொண்டு கதவையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார். முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்த எனக்கு அந்த ஓர் அங்குலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. அன்று இரவு மருந்துக்கடையிலிருந்து கமோடு நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். மறுநாள் தச்சர் வந்து கதவுப் பலகையையே கழற்றியதும் இரண்டு அங்குலம் கிடைத்தது. ஒன்றரை மாதம் திரைச்சீலைதான் கதவு.

ஆகவே நீ போவதற்கு முன்பே அண்ணாச்சியை உடன் வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் அள. கமோடு தாழ்வாக இருந்தால் மேலே வைக்கும் உயர்த்தி இருக்கை வாங்கு. பக்கத்துச் சுவரில் கைப்பிடி ஒன்றைத் திருகாணி போட்டு அடிக்கச் சொல். துண்டு போடும் கம்பியை மட்டும் பிடித்து எழாதே, அது உன் பாரத்தைத் தாங்காது. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தலாம். கை வைத்த, உயரமான, அழுத்தமான நாற்காலி ஒன்று போதும், சோபா வேண்டாம். மிதியடிகளைச் சுருட்டி மேலே போடு. இரவில் குளியலறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு ஒன்று எரியட்டும். வாக்கர் பிடித்தால் இரண்டு கையும் போய்விடும். அதனால் போனையும் மாத்திரையையும் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை தைத்துக்கொள். எனக்கு என் மகள் தைத்துக் கொடுத்தாள், இன்னும் வைத்திருக்கிறேன்.

இனி நான் சொல்வதை ஒருமுறைக்கு இரண்டுமுறை படி. எல்லாரும் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்றுதான் கேட்பார்கள். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்த பிசியோதெரபித் தம்பி முதல் நாள் என் காலை நீட்டச் சொல்லி, முழங்காலுக்கும் மெத்தைக்கும் நடுவே தன் உள்ளங்கையை நுழைத்தார். தாராளமாகப் போனது. "இந்த இடைவெளி மூடினால்தான் நேராக நடப்பீர்கள். மடக்குவது மெதுவாக வரும். நீட்டுவதை முதல் சில வாரத்தில் விட்டுவிட்டால் பிறகு வருவது கஷ்டம்" என்றார். வலிக்கு இதமாக இருக்கிறதென்று நான் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தேன். அதை அன்றே எடுத்துவிட்டார். குதிகாலுக்கு அடியில் வைத்தார். முழங்கால் அந்தரத்தில் தொங்க, தொடையின் பின்புறம் கயிறு போல இழுத்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் அவர் கையை நுழைத்துப் பார்ப்பார். உள்ளங்கை நான்கு விரலாயிற்று, நான்கு விரல் இரண்டாயிற்று. பத்தொன்பதாம் நாள் காலையில் விரல் நுனி மட்டும் போய் நின்றுவிட்டது. அவரைவிட நான் உரக்கச் சிரித்தேன்.

மடக்குவதை அவர் பாகைமானி போன்ற நீளமான ஒரு கருவியை வைத்து அளப்பார். வீட்டுக்கு வந்தபோது எழுபது பாகை. இரண்டு வாரத்தில் தொண்ணூறு. கரும்பலகையில் எத்தனை ஆயிரம் செங்கோணம் வரைந்திருப்பேன்! என் காலில் ஒரு செங்கோணம் விழுந்த அன்று இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நாற்காலியிலிருந்து எழுவதற்கும் படி ஏறுவதற்கும் அது வேண்டும். இப்போது நூற்றுப் பதினைந்து. படியைப் பற்றி ஒரு வார்த்தை: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி மனப்பாடம் செய்துகொள்.

வலியைப் பற்றி உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். முதல் இரண்டு நாள் அவ்வளவாகத் தெரியாது, மருந்து வேலை செய்யும். வீட்டுக்கு வந்த பிறகு வரும் இரவுகள்தான் கடினம். எப்படிப் படுத்தாலும் கால் கனக்கும். பதினோராம் நாள் விடியற்காலை மூன்று மணிக்குக் கூடத்தில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். எதற்காக இதைச் செய்துகொண்டேன் என்று தோன்றியது. உனக்கும் அப்படி ஒரு இரவு வரும். வந்தால் எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன். வலி மாத்திரையை வலி முற்றும் வரை காத்திருந்து போடாதே, பயிற்சிக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொள். பிறகு ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி கால் மணி நேரம் வை. அந்த மாத்திரைகளால் மலச்சிக்கல் வரும். கீரை, கொய்யா, தண்ணீர். தயிர் கூடாது, கத்தரிக்காய் கூடாது என்று பார்க்க வருபவர்கள் சொல்வார்கள். உன் டாக்டர் விலக்காத எதையும் நீ விலக்காதே. சதை வளரப் பருப்பும் பயறும் முட்டையும் வேண்டும்.

பார்க்க வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்போடுதான் ஹார்லிக்ஸும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். ஆனால் அவர்கள் உட்கார்ந்திருக்கும்போது காலைத் தொங்கவிட்டபடி பேசிக்கொண்டே இருந்தால் சாயங்காலம் பாதம் வீங்கிவிடும், பயிற்சியும் போய்விடும். அண்ணாச்சியிடம் சொல்லி வை, பதினொன்றும் ஐந்தும் உன் பயிற்சி நேரம், அப்போது யார் வந்தாலும் காத்திருக்கட்டும்.

இதை மட்டும் அலட்சியம் செய்யாதே. கெண்டைக்கால் வீங்கிக் கல் போல வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ விடியட்டும் என்று இருக்காதே, உடனே போ. மூட்டு சில மாதம் வரை வெதுவெதுவென்று இருப்பதும், தழும்புக்கு வெளிப்பக்கம் தொட்டால் உணர்வு இல்லாமல் இருப்பதும், நடக்கும்போது 'டிக்' என்று சத்தம் வருவதும் எனக்கு இன்னும் இருக்கிறது. பெரும்பாலும் அது இயல்புதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

உன் மகன் கேட்டதற்குப் பதில். விலை உயர்ந்த தங்க நிறப் பூச்சு மூட்டு எதுவும் நான் கேட்கவில்லை. சாதாரண கோபால்ட் குரோமியம்தான். இந்த மூட்டுகளின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு கொண்டுவந்தது, அந்த வகைக்கு அப்போது வரி நீங்கலாக 54,720 ரூபாய் என்று வைத்தார்கள். அதனால் மூட்டின் விலையை பில்லில் தனியாகக் காட்டச் சொல்லிக் கேட்கட்டும். மூட்டுப் பெட்டியில் வரும் ஸ்டிக்கரையும் கோப்பில் பத்திரப்படுத்தட்டும். எத்தனை நாள் உழைக்கும் என்றும் கேட்டிருந்தான். 2019இல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வின்படி பத்தில் எட்டு மூட்டு இருபத்தைந்து வருடம் தாங்குகிறது. நம் வயதுக்கு அது போதும். இரண்டு காலையும் ஒரே தடவையில் செய்வதா என்பதை உன் இருதயத்தைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் ஒன்றைத்தான் செய்தேன். இடது காலுக்கு வரும் பங்குனியில் நாள் கேட்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்த பிறகும் மறுபடி போகிறேன் என்பதை நினைத்துக்கொள்.

"இனிமேல் கோலம் போட முடியுமா?" என்று கடைசி வரியில் சின்ன எழுத்தில் கேட்டிருந்தாய். தரையில் சப்பணம் போட்டு உட்காருவது இனி இல்லை சரோஜா. பந்தியில் இலைக்கு முன் உட்காருவதும் இல்லை. அந்தக் குறை எனக்கு இருக்கிறது. ஆனால் கோலம் நாம் உட்கார்ந்தா போட்டோம்? ஆடி இரண்டாம் வெள்ளியன்று நாலரை மணிக்கு எழுந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, நின்றபடி இடுப்பை மட்டும் வளைத்து ஏழு புள்ளி வைத்தேன். இவர் பின்னால் நாற்காலியோடு நின்றுகொண்டே இருந்தார். தேவைப்படவில்லை.

"யாருக்கும் சிரமம் கொடுக்க எனக்கு இஷ்டமில்லை" என்று எழுதியிருக்கிறாய். மகள் பெங்களூரிலிருந்து எத்தனை நாள் லீவு போடுவாள், அண்ணாச்சிக்கும் வயதாகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். முதல் பத்து இரவும் கூப்பிடு தூரத்தில் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அதனால் நானே வருகிறேன். செந்தூர் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த் போடச் சொல்லிவிட்டேன், தேதி மட்டும் நீ சொல்ல வேண்டும். என் வாக்கரையும் எடுத்துவருகிறேன், புதிதாக வாங்காதே. அகலம் இருபத்து நான்கு அங்குலம். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உன் குளியலறைக் கதவை அளந்து எனக்கு எழுது.

அண்ணாச்சிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள்.

உன்,
கமலா