தார் ஆலைக்கு இசைவு உண்டு, மலை வெட்டுக்கு இல்லை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் சாலை அகலப்படுத்தும் வேலை பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் எத்தனை மரம் விழுந்தது, போக்குவரத்து எத்தனை மணி நேரம் நின்றது என்று படிக்கிறோம். வேலை நடக்கும் இடத்துக்குக் கீழே ஓடை என்ன நிறத்தில் ஓடுகிறது என்பது மட்டும் வருவதில்லை. நிருபர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த ஓடையைப் பற்றிக் கேட்டு வாங்கும்படியான காகிதம் எதுவும் பெரும்பாலும் இருப்பதில்லை.

சாலை வேலைக்குத் தார் கலக்கும் ஆலை வைக்க வேண்டுமானால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். ஜல்லி உடைக்கும் கிரஷருக்கும் வேண்டும், கான்கிரீட் கலவை ஆலைக்கும் வேண்டும். அந்தத் தாரும் ஜல்லியும் போய்ச் சேரும் சாலைக்காக மலையைச் செங்குத்தாக வெட்டி, மழை வந்தால் செம்மண் குழம்பை ஓடையில் இறக்கும் வேலைக்கு, தண்ணீரைப் பொறுத்தவரை யாரிடமும் கேட்பதில்லை. வனநிலம் குறுக்கிட்டால் வனத்துறை இருக்கிறது. மரம் குறுக்கிட்டால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஓடை குறுக்கிட்டால் செலவு மதிப்பீட்டில் ‘கல்வெர்ட், எண்ணிக்கை 1’ என்று சிறுபாலத்துக்கு ஒரு வரி, அவ்வளவுதான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் ‘ஓடை’ என்பதன் பொருள் மிக விரிவானது. ஆறும் நீர்வழியும் அதில் அடங்கும். தண்ணீர் ஓடினாலும் சரி, தற்போதைக்கு வறண்டு கிடந்தாலும் சரி. பிப்ரவரியில் காய்ந்து கிடக்கும் பள்ளமும் சட்டத்தின் பார்வையில் ஓடைதான். நீரோட்டத்தைத் தடுத்து மாசை மோசமாக்கும் எந்தப் பொருளையும் தெரிந்தே அதில் சேர விடக் கூடாது என்கிறது 24ஆம் பிரிவு. இசைவாணை பற்றிய 25ஆம் பிரிவும் தொழிற்சாலையோடு நிற்கவில்லை, கழிவை ஓடையில் விடக்கூடிய எந்தச் ‘செயல்பாட்டுக்கும்’ பொருந்தும்படி எழுதப்பட்டிருக்கிறது. மலையை வெட்டுவது செயல்பாடு இல்லை என்று வாதிட நல்ல துணிச்சல் வேண்டும். ஆனாலும் கேட்கும் வழக்கம் இல்லை.

சுற்றுச்சூழல் அனுமதி இதைப் பார்த்துக்கொள்ளும் என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கான மத்திய அரசின் 2006ஆம் ஆண்டு அறிவிக்கையில் 2013இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இருக்கிற தேசிய நெடுஞ்சாலையை அகலப்படுத்த 100 கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அந்த அனுமதியே தேவைப்படும். மேட்டுப்பாளையத்தில் ஏறி, குன்னூர், உதகை வழியாகக் கூடலூரில் இறங்கினாலும் மொத்தம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர்தான். மலையில் நடக்கும் 5 கிலோமீட்டர், 8 கிலோமீட்டர் வேலைகள் அந்தக் கணக்குக்குள் எப்படி வரும்? மாநில நெடுஞ்சாலை என்றால் 1,000 மீட்டர் உயரத்துக்கு மேல் விரிவாக்கத்துக்கு அனுமதி தேவை என்று அதே அறிவிக்கையில் இருக்கிறது. மாவட்டச் சாலைகளும் ஊராட்சிச் சாலைகளும் அதிலும் சேராது.

சதுப்பு நிலத்தின் நிலைமை இன்னும் மோசம். ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் 2017இல் வந்தன. உலக முக்கியத்துவம் வாய்ந்தவை என்று பட்டியலிட்ட ராம்சார் இடங்களுக்கும் அரசு தனியாக அறிவித்த இடங்களுக்கும் மட்டுமே அவை பொருந்தும். உச்ச நீதிமன்றம் காப்பாற்றச் சொன்ன 2,01,503 ஈரநிலங்களின் பட்டியலும் 2.25 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் ஐந்தரை ஏக்கருக்கு மேல் உள்ளவற்றின் பட்டியல். நம் மலைச் சதுப்புகளில் பல அதைவிடச் சிறியவை. இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஒரு ஏக்கர், அரை ஏக்கர் என்று கோரையும் புல்லுமாக, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் கறுப்பு மண்ணாக இருக்கும். உதகை அருகே சாண்டிநல்லாவில் அப்படிப்பட்ட கறுப்பு மண் அடுக்குகளைத் தோண்டித்தான் இருபதாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய பருவநிலையை விஞ்ஞானிகள் படித்தார்கள். தோடர்கள் தங்கள் கோயில் கூரைக்கு வேயும் எரியோகிரிசிஸ் என்ற புல் வளர்வதும் சதுப்பில்தான்.

மலையில் சமதளம் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் இந்தச் சேற்று நிலத்தில்தான். சாலை வெட்டில் வந்த மண்ணைக் கொட்ட இடம் தேடுகிறவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான். நிலத்துக்காரருக்குச் செலவில்லாமல் மேடு கிடைக்கிறது, ஒப்பந்ததாரருக்கு டிப்பர் வாடகை மிச்சம். இரண்டு பேருக்கும் லாபமாக இருப்பதால் புகார் கொடுக்க ஆள் இருப்பதில்லை.

எவ்வளவு மண் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு 3 மீட்டர் அகலம் கூட்டுகிறார்கள், வெட்டின் சராசரி உயரம் 4 மீட்டர் என்றால் 12,000 கனமீட்டர். வெட்டிய மண் கால் பங்கு உப்பிப் பெருகும், 15,000 ஆகிவிடும். 10 கனமீட்டர் பிடிக்கும் டிப்பரில் 1,500 நடை. டெண்டருக்கு முன்பே கொட்டும் இடத்தை முடிவு செய்து வரைபடத்தில் காட்டாவிட்டால் அந்த 1,500 நடையில் ஒரு பகுதி இரவில் கீழ்ச்சரிவில்தான் தள்ளப்படும்.

கீழே போகும் மண்ணில் எல்லாம் ஒரே மாதிரி இல்லை. மணல் துகள் தண்ணீரில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு மூன்று நிமிடம் போதும். நீலகிரியின் செங்களிமண்ணில் இருக்கும் நுண்துகள் அதே ஒரு மீட்டர் இறங்க அசையாத தண்ணீரிலேயே மூன்று நாளுக்கு மேல் ஆகும். மணல் மூட்டை அடுக்கி ஒரு குழி தோண்டிவிட்டு ‘வண்டல் தடுப்பு அமைத்தாயிற்று’ என்று எழுதுவது இதனால்தான் வீண். மணல் தங்கும், சிவப்பு நிறம் தாண்டிப் போய்விடும். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீரில் மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது பொது வரம்பு. ஒரே ஒரு டன் களிமண்ணை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய ஒரு கோடி லிட்டர் தண்ணீர் வேண்டும். நொடிக்கு 10 லிட்டர் ஓடும் சிற்றோடையில் அது பதினோரு நாளுக்கு மேல் ஓடும் மொத்தத் தண்ணீர்.

ஆகவே களிமண்ணை ஓடையில் வைத்துப் பிடிக்க முடியாது, சரிவிலேயே நிறுத்த வேண்டும். அதற்கு வேலையின் வரிசை முக்கியம். வெட்டுக்கு மேலே, விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளி, நல்ல தண்ணீரை ஒதுக்கிவிடும் வடிகால் முதலில் வர வேண்டும். ஜேசிபி அதற்குப் பிறகுதான். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது: வெட்டி முடித்து, தடுப்புச்சுவர் கட்டி, கடைசியில் நிதி மிஞ்சினால் மேல் வடிகால். அதற்குள் ஒரு மழைக்காலம் போய்விடும். இரண்டாவது, இன்று திறந்த சரிவை இந்த வாரமே மூடுவது. தென்னை நார்ப் பாயை மேலிருந்து கீழாக விரித்து, மண்ணோடு ஒட்டும்படி முளை அடித்து, அடியில் புல் விதை போட வேண்டும். பாய்க்கும் மண்ணுக்கும் இடையே கை நுழையும் இடைவெளி இருந்தால் தண்ணீர் அடியில் ஓடி, பாய் அப்படியே கிடக்கும், மண் மட்டும் போய்விடும். வண்டல் பிடிக்கும் துணி வேலியின் அடி ஒரு சாண் ஆழமாவது மண்ணுக்குள் புதைய வேண்டும். சரிவின் சமமட்டத்தில் போட வேண்டிய அதை ஓடைக்குக் குறுக்கே கட்டினால் முதல் மழையிலேயே துணியும் சேறும் சேர்ந்து போகும்.

ஓடை குறுக்கிடும் இடத்தைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இன்னொன்று தெரியும். பழைய கல் பாலங்கள் பலவற்றில் ஓடையின் படுகையே பாலத்துக்கும் தளம். அதை இடித்துவிட்டு 900 மில்லிமீட்டர் சிமென்ட் குழாய் ஒன்றை, கான்கிரீட் தளத்தின் மேல், படுகையைவிட அரை மீட்டர் உயரத்தில் வைக்கிறார்கள். பத்து ஹெக்டேர் சரிவில் மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் நொடிக்கு ஒன்றரை கனமீட்டருக்கு மேல் தண்ணீர் வரும். அந்தக் குழாயில் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நிரம்பிப் போனாலும் ஒன்றேகால்தான் போகும், அதுவும் ஒரு கற்பூர மரக் கிளை வந்து வாயை அடைக்காமல் இருந்தால். மிச்சத் தண்ணீர் சாலை மேல் ஏறி, புதிதாக நிரப்பிய மண்ணோடு கீழே இறங்கும். சாதாரண நாளிலும் குழாயின் வெளிவாயிலிருந்து விழும் தண்ணீர் குழி பறிக்கும், குழி பின்னோக்கி அரித்து, பாலத்தின் பக்கச் சுவரான விங் வாலின் அடிக்கு வரும். ஓடையின் இயல்பான அகலத்துக்குக் குறையாத பெட்டிப் பாலம், தளம் படுகைக்கு ஒரு அடி கீழே, வெளிவாயில் பெரிய கற்கள் பதித்த மேடை: இவற்றுக்கு ஆகும் கூடுதல் செலவு, சரிந்த சாலையை மறுபடி கட்டும் செலவில் சிறு பங்குதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கம் சாலைகள் துண்டுதுண்டாகப் போனதையும், 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததையும் பார்த்த மாவட்டத்தில் மழையைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

சதுப்பைக் கொல்ல மண் கொட்டக்கூட வேண்டாம். அதன் மேல் விளிம்பில் ஒரு மீட்டர் ஆழத்தில் சாலையோர வடிகால் போனால் போதும். சரிவிலிருந்து கசிந்து வரும் தண்ணீர் சதுப்புக்குப் போகாமல் வடிகாலில் விழுந்து, அடுத்த கல்வெர்ட்டில் போய் மொத்தமாகக் கொட்டும். சில கோடைகளில் கறுப்பு மண் காற்றுப்பட்டுச் சுருங்கும், சீகை எனப்படும் வாட்டில் மரக் கன்று முளைக்கும். பிறகு அளக்க வருகிறவர் ‘தரிசு’ என்று எழுதிக்கொண்டு போவார். சாலை சதுப்பைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், அடியில், நீரை விட்டு மண்ணைத் தடுக்கும் ஜியோ டெக்ஸ்டைல் துணிகளுக்கு நடுவே அரை மீட்டர் உடைகல் அடுக்கைப் பரப்பி, கசிவு அகலம் முழுக்க ஊடுருவிப் போக விட வேண்டும்.

கான்கிரீட் லாரியைக் கழுவும் தண்ணீர் தனி விஷயம். அது கடும் காரத் தண்ணீர், பிஹெச் 12 வரை போகும். சிற்றோடையில் ஒரு லாரி கழுவினாலே மீனும் தவளைக் குஞ்சும் தாங்காது. தார்ப்பாய் விரித்த குழியில் கழுவி, இறுகிய பிறகு அள்ளிப் போடுவதில் தொழில்நுட்பம் ஏதும் இல்லை.

அமெரிக்காவில் 1972ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, சாலைக்காக அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட ஓடையிலோ ஈரநிலத்திலோ மண் நிரப்ப ராணுவப் பொறியாளர் படையிடம் 404ஆம் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். தண்ணீரின் தரம் கெடாது என்று மாநிலம் 401ஆம் பிரிவில் சான்று தந்தால்தான் அது செல்லும். ஒரு ஏக்கர் மண்ணைக் கிளறினாலே மழைநீர் அனுமதி தனி. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. ‘நிரப்பாமல் தவிர்க்க முடியாதா’ என்ற கேள்விக்கு முதலில் எழுத்தில் பதில் கொடுத்தாக வேண்டும் என்பது மட்டும் இங்கே எடுத்துக்கொள்ளத் தக்கது.

புதுச் சட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம். இந்த மாவட்டத்தில் மண் அள்ளும் இயந்திரத்துக்கு நிர்வாகத்தின் முன்அனுமதி வாங்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. சாலை வேலைக்கு அந்த அனுமதியைத் தரும்போது, குறுக்கிடும் ஒவ்வொரு ஓடைக்கும் ஊற்றுக்கும் ஒரு பக்கம் கேட்கலாம்: கோடையில் எவ்வளவு ஓடுகிறது, கலங்கல் எவ்வளவு, கீழே எந்த ஊரின் குடிநீர் எடுக்கும் இடம், கல்வெர்ட்டின் தளம் எந்த மட்டம், மண் எங்கே போகிறது. வெட்டும் மாதத்தையும் அதிலேயே குறித்துவிட வேண்டும். கூடலூர், நடுவட்டம் பக்கம் ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர்தான் ஆபத்து. மாவட்டம் முழுக்க ஒரே தேதி போட்டால் ஏதோ ஒரு பக்கம் மழையில் மாட்டும்.

பணத்தையும் சொல்லிவிட வேண்டும். மத்திய சாலைத் துறையின் விவரக்குறிப்பில் 306ஆம் பகுதி மண்ணரிப்பையும் வண்டலையும் தடுப்பது பற்றியதுதான். ஆனால் தற்காலிகத் தடுப்பு வேலைகளின் செலவை மண்வேலை விலைக்குள் அடக்கிவிடுவது வழக்கம். தனி பில் இல்லாத வேலையை எந்த ஒப்பந்ததாரர் விரும்பிச் செய்வார்? நார்ப் பாய் சதுர மீட்டருக்கு இவ்வளவு, மேல் வடிகால் மீட்டருக்கு இவ்வளவு என்று தனி இனமாகப் போட்டால் செய்வார், செய்யாவிட்டால் பிடித்தமும் செய்யலாம்.

குந்தா அணையில் சேறு சேர்ந்ததற்குச் சாலை மட்டும் காரணமில்லை, சரிவில் போட்ட காய்கறித் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு. ‘மழை பெய்தால் ஓடை கலங்கத்தானே செய்யும்’ என்று ஒப்பந்ததாரர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது. அதனால்தான் வேலைக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில் என்று ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் சாலையின் கணக்கு. குடிநீரில் கலங்கல், என்.டி.யூ. என்ற அலகில் 5ஐத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் போகப் போகப் பிளீச்சிங் பவுடர் போட்டாலும் கிருமி முழுதாகச் சாகாது. வடிகட்டும் வசதி இல்லாத மலை ஊர்களில் அதுதான் ஒரே சுத்திகரிப்பு. கலங்கல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை ஊராட்சித் தண்ணீர் தொட்டி ஆபரேட்டருக்கு அரை மணி நேரத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ஒப்பந்தத் தொகையும் முடிக்க வேண்டிய தேதியும் எழுதிய பலகை எப்படியும் சாலையோரத்தில் நிற்கிறது. மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு என்ற இரண்டு எண்களை வாரம் ஒருமுறை அதிலேயே எழுதட்டும்.

இப்படிக்கு,
சாலை வடிகால் பொறியாளர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்