ஹீட்டர் புகை வெளிய போகணும்

ஆசிரியருக்கு வணக்கம். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் சில தோல் ஷெட்ல கேஸ் ஹீட்டர் மாட்டி சூடான காத்து விடுறாங்க, வேலூர் வெயில்ல எதுக்குடான்னு கேக்காதீங்க, ஐப்பசி அடைமழையில தோல் காயாது. மாட்டுறதோட சரி, அப்புறம் ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்ல. நான் வேலை பாக்குற எடத்துல பர்னர் நீலமா எரியாம மஞ்சளா எரியுது, சுத்தி கரி படிஞ்சு கெடக்கு, பெரும்பாலும் காத்து பத்தலன்னு அர்த்தம், அப்ப வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷவாயுவுக்கு வாசனையே கிடையாது. புகைக்குழாயோ கூரைக்குக் கீழயே நின்னுடுச்சு. எல்பிஜி காத்தவிட கனம், லீக் ஆனா தரையிலதான் தேங்கும், இங்க ஜன்னலெல்லாம் மேல! அதையும் சாரல் அடிக்குதுன்னு சாக்குப் பைய வெச்சு அடைச்சிட்டாங்க. மழைக்கு முன்னாடியே பர்னர், ஃபேன், ஓஸ் எல்லாத்தையும் தெரிஞ்ச மெக்கானிக்க வெச்சு பாக்கணும்னு தொழிற்சாலை ஆய்வாளருங்க கண்டிஷனா சொல்லலாமே.

- தோல் ஷெட் தொழிலாளி, ஆம்பூர்