கூறையும் கோடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் மகளிர் பக்கத்தில் ஐம்பது வயதுக்கு மேல் என்ன நிறப் புடவை எடுக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புடவையை எடுப்பது யார் என்று ஒரு வரிகூட இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மயிலாடுதுறைக்காரி. கூறைப் புடவைக்குப் பெயர் கொடுத்த கூறைநாடு எங்கள் ஊரில்தான் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், பெண் வாழ்க்கையில் எது மாறினாலும் யாராவது ஒரு துணியோடு வந்து நிற்கிறார்கள். வயதுக்கு வந்தால் தாய்மாமன் சீர்த்தட்டில் பாவாடை தாவணி. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டுக் கூறை. வளைகாப்புக்கு அம்மா வீட்டுப் புடவை. கணவன் போய்விட்டால் பிறந்த வீட்டுக் கோடி.

எனக்குக் கோடி வந்து நான்கு வருடமாகிறது. சொந்தக்காரர்கள் கொண்டுவந்ததையும் சேர்த்துப் பதினொரு புடவைகள். அத்தனையும் சந்தனம், சாம்பல், வெளிர்நீலம். கடையில் தம்பி "அக்காவுக்கு" என்று ஆரம்பித்ததுமே, முகத்தைப் பார்த்துவிட்டு, "கோடிக்குங்களா?" என்று மெதுவாகக் கேட்டு, வேறு அடுக்கிலிருந்து எடுத்துப் போட்டாராம் கடைக்காரர். தம்பி இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கென்று தனி அடுக்கு ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

என் பாட்டி காலத்தில் விதவைகளின் தலையை மழித்து, நார்மடி என்ற நார்ப் புடவையைக் கட்டவைத்த வீடுகள் உண்டு. பால்ய விதவையான சகோதரி சுப்புலட்சுமி 1911-இல் பி.ஏ. முடித்து, சென்னை ஐஸ் ஹவுஸ் கட்டடத்தில் தன்னைப்போன்ற சிறுமிகளைத் தங்கவைத்துப் படிக்கவைத்தார். அங்கிருந்து எவ்வளவோ தூரம் வந்துவிட்டோம், மறுக்கவில்லை.

கருமாதி முடிந்து அலுவலகம் போன முதல் நாள் பச்சைச் சுங்குடி கட்டிப் போனேன். வேண்டுமென்று இல்லை. கஞ்சி போட்டுத் தேய்த்து, அலமாரியில் மேலாக இருந்தது அதுதான். பக்கத்து நாற்காலிக்காரர், "பரவாயில்லையே, சீக்கிரம் தேறிட்டீங்க" என்றார். ஆறுதலா குத்தலா, இன்றுவரை புரியவில்லை.

இதற்கு நேர் எதிர் என் மகள். "பழைய காலம் மாதிரி இருக்காதேம்மா" என்று பெங்களூரிலிருந்து மூன்று புடவை வாங்கி வந்தாள். மூன்றும் அரக்குச் சிவப்பின் அக்கா தங்கைகள். எனக்கு அரக்கு கல்யாணமான புதிதிலேயே பிடிக்காது. அவருக்குப் பிடிக்கும் என்று முப்பது வருடம் கட்டினேன். கோடியில் வந்த சந்தன நிறம்தான் எனக்கு உண்மையில் பிடித்தது. அதைக் கட்டினால் பக்கத்து வீட்டு அம்மா மெச்சுகிறார், மகள் கண் கலங்குகிறாள். இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடித்ததால் கட்டினேன் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை.

அப்புறம் சுடிதார் கதை. 2019-இல் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வந்த உடை விதியில், துப்பட்டாவோடு சுடிதாரும் இருந்தது. எங்கள் அலுவலகத்திலும் சின்னப் பெண்கள் போட்டுவந்தார்கள். எனக்குத்தான் தைரியமில்லை. போன வருடம் ஓய்வுபெற்ற பிறகு, முழங்கால் வலியோடு பஸ் படி ஏற முடியாமல், நானே போய் இரண்டு துணி எடுத்தேன். தையல்கடைப் பெண் அளவெடுத்துக்கொண்டே, "கை நீளம் எவ்ளோ, கழுத்து எப்படி, ஓப்பன் வைக்கவா" என்று கேட்டுக்கொண்டே போகிறாள். எனக்கு ஒன்றுக்கும் பதில் வரவில்லை. வாய் தானாக, "எப்படி வேணா தைம்மா" என்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான், "இரு, முக்கால் கை வை" என்றேன். அறுபது வயதில் கை நீளம் சொல்வதற்கு அவ்வளவு நேரம்!

அடுத்த முறை மகளிர் பக்கத்தில் நிறப் பட்டியலைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, எங்கள் வயதுக்காரர்களுக்குச் சுடிதார் தைப்பது பற்றிப் போடுங்கள். குறிப்பாக, பை எந்த இடத்தில் வைப்பது என்று. எனக்கு இடுப்போரமாக வைத்தாள். செல்போனைப் போட்டால் டாப்ஸ் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயிலாடுதுறை.